எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு, இதற்கு மட்டும் இல்லை

நம்ம திருவண்ணாமலையில் எதற்குத்தான் சங்கம் இல்லை? வணிகர்களுக்குச் சங்கம், ஆட்டோ ஓட்டுநர்களுக்குச் சங்கம், பூ வியாபாரிகளுக்குச் சங்கம், ஓய்வூதியர்களுக்குச் சங்கம். அன்னதானத்துக்குக் குழு, உழவாரப் பணிக்குக் குழு, திருவாசகம் முற்றோதலுக்குக் குழு. காலையில் நடக்கப் போகிறவர்கள்கூட ஒரு பெயர் வைத்து, பனியனில் அதை அச்சடித்து மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஆனால் மனச்சோர்வு நோயோடு வாழ்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து பேசட்டுமே என்று சொன்னால், "அதுக்கெல்லாமா சார் சங்கம்?" என்று சிரிக்கிறார்கள். அப்படிச் சிரித்தவர்கள் படிக்காதவர்கள் அல்ல. என்னைப் போல முப்பது வருஷம் அரசுப் பணி பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். டிப்ரஷன் என்பதை நம்மில் பலர் "மன அழுத்தம்" என்கிறோம். பேரன் பரீட்சைக்குப் போகும்போது வருவது அழுத்தம். பரீட்சை முடிந்தால் போய்விடும். மனச்சோர்வு நோய் வேறு. இரண்டு வாரத்துக்கும் மேலாக, நாளெல்லாம் மனம் இருண்டு கிடப்பது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது, பசி போவது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தோன்றிக்கொண்டே இருப்பது. நம் வயதுக்காரர்களிடம் அது வேறு வேஷத்தில் வரும். முதுகு வலி என்பார்கள், தலை பாரம் என்பார்கள், மறதி என்பார்கள். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. "வயசாச்சு இல்ல" என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். வயதாவது நோயல்ல. வயதானவருக்கு வரும் மனச்சோர்வு நோய்தான், அதற்கு மருத்துவமும் உண்டு.

இது நாலு பணக்காரர்களின் சொகுசு வியாதி என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறவர்கள் இருபது பேரில் ஒருவர் என்று அதில் தெரியவந்தது. நம் தெருவை எண்ணிப் பாருங்கள், இருபது பேருக்கு ஒருவர். அப்படிப்பட்டவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்பது அந்தக் கணக்கெடுப்பு சொன்ன இன்னொரு செய்தி. சர்க்கரை நோயாளிகளில் 85 சதவீதம் பேருக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்றால் நாம் சும்மா இருப்போமா? கலெக்டர் ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்க மாட்டோமா?

என்னோடு வேலை பார்த்த ஒருவர். பெயர் வேண்டாம். மனைவி போன பிறகு மெல்ல மெல்ல வெளியே வருவதை நிறுத்தினார். சவரம் செய்வதை நிறுத்தினார். பேப்பர் படிப்பதை நிறுத்தினார். பார்க்கப் போனவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புத்திமதி சொன்னோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஊர் வழக்கம் அது. "தைரியமா இருங்க." "கோயிலுக்கு வாங்க." "உங்களுக்கென்ன குறை, பென்ஷன் வருது, பிள்ளைகள் நல்லா இருக்காங்க." அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகள் சென்னைக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டினாள். மாத்திரை தொடங்கியது. அந்த மருத்துவரே, வாரம் ஒருநாள் கூடும் ஓர் ஆதரவுக் குழுவுக்கும் அனுப்பினார்.

அங்கே முதல் மூன்று வாரம் அவர் வாயைத் திறக்கவே இல்லையாம். யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. நாலாவது வாரம், மகன் வயதுள்ள ஒரு பையன், "காலையில பல் தேய்க்கிறதே பெரிய வேலையா இருக்கு, பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கிறேன்" என்றானாம். இவர் தன்னை அறியாமல், "எனக்கும்" என்றாராம். "சார், அந்த ஒரு வார்த்தைதான். அத்தனை நாளும் நான் மட்டும்தான் இப்படி, நான் ஒரு சோம்பேறி, நான் ஒரு பாரம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று என்னிடம் சொன்னார்.

இப்போது அவர் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இங்கே அப்படி ஒரு கூட்டம் உண்டா என்று விசாரித்த இடத்தில் எல்லாம் கையை விரித்தார்கள். அதனால் மாதம் ஒருமுறை பஸ் ஏறி, போக நாலு மணி நேரத்துக்கு மேல், வர நாலு மணி நேரத்துக்கு மேல் என்று சென்னைக்குப் போய், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். உலகமெல்லாம் ஆறுதல் தேடி நம்ம ஊருக்கு வருகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வருகிறார்கள். நம்ம ஊர்க்காரர் ஒருவர் "எனக்கும்" என்ற ஒரு சொல்லுக்காகச் சென்னைக்குப் போய்விட்டு வருகிறார். இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறதா?

ஆதரவுக் குழு என்றால் மந்திரமோ மாயமோ இல்லை. எட்டு, பத்து பேர். எல்லோரும் அதே நோயைப் பட்டவர்கள். வட்டமாக நாற்காலி. ஒவ்வொருவரும் இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்கிறார்கள். மற்றவர்கள் கேட்கிறார்கள். அறிவுரை கிடையாது. கேட்டது வெளியே போகாது. இவ்வளவுதான். இந்த "இவ்வளவுதான்" செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள்.

மனச்சோர்வுக்கான மாத்திரை விழுங்கிய மறுநாளே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொந்தரவுகளோ முதல் வாரமே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூணாவது வாரம் சரியாச்சு" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னால் நிறுத்த மாட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் "இனி எதுக்கு மாத்திரை" என்று தாமாகவே விடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். தெளிந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொன்னது காதில் ஏறியிருக்காது. விட்டுப் பட்டவர் ஒருவர் சொன்னால் ஏறும்.

அடுத்தது, வாரத்தில் ஒரு நாளாவது குளித்து, சட்டை மாற்றி, வெளியே கிளம்ப ஒரு காரணம் கிடைக்கிறது. மனச்சோர்வுக்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதற்கும் மேலே ஒன்று உண்டு. அங்கே அவர் வாங்க மட்டும் போவதில்லை, கொடுக்கவும் போகிறார். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நம்பிக்கொண்டிருப்பவர் சொன்ன ஒரு வார்த்தையில் இன்னொருவர் முகம் தெளிந்தால், அந்த நம்பிக்கையில் விரிசல் விழுகிறது. வீட்டில் எல்லோரும் அவரைத் தாங்குகிறார்கள். குழுவில் மட்டும்தான் அவர் இன்னொருவரைத் தாங்குகிறார். கடைசியாக, தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் போன் செய்கிறார். நமக்குக்கூட வருஷத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறோமா என்று கருவூலத்தில் நேர்காணல் உண்டு. எப்படி இருக்கிறோம் என்று வாராவாரம் கேட்க யார் இருக்கிறார்கள்?

இது வெறும் பேச்சு என்பவர்களுக்கு உகாண்டாவைக் காட்டுகிறேன். அங்கே மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை என்ற நிலையில் இருந்த 30 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2003ல் வெளிவந்தன. இரண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், மனச்சோர்வு உள்ளவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூட்டி, வாரம் ஒன்றரை மணி நேரம் என்று 16 வாரம் பேச வைத்தார்கள். முடிவில், குழுவில் இருந்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு மட்டுமே நோய் மீதி இருந்தது. குழு இல்லாத கிராமங்களில் 54.7 சதவீதம். பின்னாளில் உலக சுகாதார நிறுவனமே அந்த முறைக்குக் கையேடு போட்டது. அடுத்து ஜிம்பாப்வே. அங்கே நாட்டுக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்கள். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ல் ஹராரே நகரில் 14 பாட்டிமார்களைப் பழக்கி, சுகாதார நிலைய வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். துக்கப்பட்டவர்கள் அந்தப் பெஞ்சில் பாட்டியோடு தனியாகப் பேசுகிறார்கள். பிறகு ஒத்தவர்களின் குழுவில் சேர்ந்து, பை பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். 2016ல் வந்த ஆய்வு அதன் பலனை உறுதி செய்தது. பாட்டிமார்களுக்கு நம்ம ஊரில் பஞ்சமா?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் தொடங்கியது நமக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியில், 1989ல். பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரச் சேமிப்பு, ஒரு நோட்டு. அன்றைக்கும் "பொம்பளைங்க கூடிப் பேசி என்ன ஆகப் போகுது" என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். வட்டிக் கணக்கு முடிந்த பிறகு அந்தப் பெண்கள் என்ன பேசினார்கள் என்று எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். புருஷன் அடித்ததை, மாமியார் சொன்னதை, தூக்கம் வராததைப் பேசினார்கள். குடியை விட நினைப்பவர்களுக்கு 1935ல் அமெரிக்காவில் தொடங்கிய "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" கூட்டங்கள் இன்று தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், காசு கேட்க மாட்டார்கள். குடித்தவனுக்குக் கூட்டம் இருக்கிறது. துக்கத்தைக் குடிக்காமல் விழுங்குகிறவனுக்குத்தான் இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

"நம்ம குடும்ப அமைப்பு போதாதா? வெளிநாட்டுக்காரனுக்குத்தான் இதெல்லாம்" என்கிறார்கள். குடும்பம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மனச்சோர்வுக்காரர் தன் இருட்டை முதலில் மறைப்பதே குடும்பத்திடம்தான். மகன் கவலைப்படுவான் என்று மறைக்கிறார், மருமகள் என்ன நினைப்பாளோ என்று மறைக்கிறார். தாங்கித் தாங்கிக் குடும்பமும் களைத்துப் போகிறது. அந்தக் களைப்பைச் சொல்ல அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். "அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது சார்" என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். திண்ணையை நான் புகழப் போவதில்லை. பெண்கள் அங்கே உட்கார முடியாது. எல்லா ஜாதிக்காரரும் உட்கார முடியாது. ஒருவர் எழுந்து போனதும் அவரைப் பற்றித்தான் பேச்சு. துக்கத்தை மறைக்க வேண்டிய முதல் இடமே திண்ணைதான்.

"ஊர் என்ன சொல்லும், பெண்ணுக்கு வரன் வருமா" என்பது அடுத்தது. அதற்குத்தான் கேட்டது வெளியே போகக் கூடாது என்ற விதி. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளி என்று சொன்ன சட்டமே மாறிவிட்டது. 2018ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமை என்கிறது. சட்டம் மாறிவிட்டது. நம் தெருதான் இன்னும் பழைய போலீஸ் ஸ்டேஷனாக இருக்கிறது.

மூன்றாவது, நம்ம ஊருக்கே உரியது: "பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போனா எல்லாம் சரியாயிடும்." நானும் கிரிவலம் போகிறவன்தான். நடப்பது மனச்சோர்வுக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் கட்டிலை விட்டு எழ முடியாததுதான் அந்த நோய். எழ முடியாதவனிடம் பதினாலு கிலோமீட்டர் நட என்பது, கால் உடைந்தவனிடம் ஓடிப் பார் என்பது போல. நடந்தும் சரியாகவில்லை என்றால், "அண்ணாமலையாருமே என்னைக் கைவிட்டுட்டார்" என்ற புதுத் துக்கம் ஒன்று சேர்கிறது. பக்தி மட்டும் போதும் என்று விட்டதன் விலை என்ன என்பது ஏர்வாடியில் தெரிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டுக் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிறகு அதே ஏர்வாடி தர்காவில், பிரார்த்தனையோடு மருத்துவமும் தரும் திட்டம் வந்தது. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலிலும் தீர்த்தமும் உண்டு, மனநல மருத்துவரும் உண்டு. கோயிலும் மருத்துவமும் சண்டை போட வேண்டியதில்லை என்று அங்கே கண்டுகொண்டார்கள். இவ்வளவு பெரிய கோயில் ஊரில் நமக்கு ஏன் அது புரியவில்லை?

"டாக்டர் பார்த்துக்கட்டும்" என்பது கடைசி. பார்க்கட்டும், கட்டாயம் பார்க்க வேண்டும். குழு மருத்துவருக்கு மாற்று என்று எவராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். ஆனால் நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நீண்ட வரிசையில் ஒருவருக்குச் சில நிமிஷம் ஒதுக்கினால் பெரிது. அதில் அவர் மாத்திரை எழுதலாம். "எனக்கும்" என்று அவரால் சொல்ல முடியாது. அது பட்டவரால்தான் முடியும்.

நம்ம அருணகிரிநாதர் கதை உங்களுக்குத் தெரியும். 1964ல் டி.எம். சௌந்தரராஜன் நடித்த படத்தை நம்மில் பலர் டூரிங் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர்கள். நோயும் அவமானமும் தாங்காமல் அவர் வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறி விழுந்தார், முருகன் கையில் ஏந்திக் காத்தான் என்பது ஐதீகம். அங்கே கோபுரத்திளையனாரை இன்றும் கும்பிடுகிறோம். ஏந்திய கையை அறுநூறு வருஷமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அவர் படியேறும் மட்டும் ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்று நாம் கேட்டதே இல்லை. அத்தனை படியிலும் ஒருவர்கூட "உட்கார், என்ன ஆச்சு" என்று கேட்கவில்லையா? தெய்வம் கையை நீட்ட வேண்டி வந்தது, மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால்தான். எல்லோருக்கும் முருகன் வருவான் என்று காத்திருப்பது பக்தி ஆகாது.

குழு வைத்தால் மட்டும் போதாது, ஒழுங்காக வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விதிகள் இவை. அறிவுரை, பிரசங்கம், "என் கஷ்டம் உன் கஷ்டத்தைவிடப் பெரிசு" என்ற போட்டி கூடாது. மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. மூலிகை, யோகா வகுப்பு, சீட்டு, இன்ஷூரன்ஸ் எதையும் விற்கக் கூடாது. பேனரும் பொன்னாடையும் போட்டோவும் கூடவே கூடாது. பெண்கள் தனியாகக் கூட விரும்பினால் தனி நாள். யாராவது உயிரை விடுவது பற்றிப் பேசினால், அந்த ஒன்று மட்டும் ரகசியம் அல்ல. உடனே வீட்டாருக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம்ம அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்ட மனநலத் திட்டமும் அதற்காகத்தான் இருக்கின்றன. எழுதிக் கேட்போம். மனு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

இப்போதே துணை தேவைப்படுகிறவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். 2022 முதல் இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. உயிரை விடத் தோன்றுகிறவர்களின் பேச்சைக் கேட்பதற்காகவே 1986ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய "சிநேகா"வும் இருக்கிறது. அங்கே பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்.

சிரித்த நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. நம் கையில் நேரம் இருக்கிறது. நம் சங்கங்களுக்குக் கட்டடமும் இருக்கிறது, மாதத்தில் பெரும்பாலான நாள் பூட்டித்தான் கிடக்கிறது. வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், பத்து நாற்காலி, ஒரு பிளாஸ்க் டீ. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்க்காத நல்ல மனது. நாற்காலி போடவும் எடுக்கவும் நான் வருகிறேன், டீயும் என் கணக்கு. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்லட்டும்.